கண் எழுத வேண்டாம்

தென்காசி,
3-7-1938

என் அத்தானுக்குத் தங்கத்தாய் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் மகளும் அத்தையும் சித்தியும் நல்ல சுகம். அங்கே உங்கள் சுகத்தை நீங்களாக எழுதினால்தான் உண்டு. பிள்ளை பிறந்த தந்தி கிடைத்தது, சந்தோஷம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ராவல்பிண்டிப் பட்டாளத்தில் பெண்பிள்ளைக்கு இவ்வளவுதான் மரியாதை போலிருக்கிறது!

மூக்கு உங்களுடையது. கோபம் என்னுடையது. முப்பிடாதி என்று அம்மன் பெயரையே வைத்தாயிற்று. சாரல் விடாமல் விழுவதால் பிள்ளைக்குக் கொஞ்சம் சளி. அத்தை கைமருந்து கொடுத்துப் பக்குவம் பார்க்கிறார்கள்.

அடுத்த வரியில் ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். பிள்ளை பெற்ற அறைக்குள் அந்நிய ஆம்பிளையை உங்கள் அம்மா விடுவார்களா? அதனால் நானே எடுக்கப் போகிறேன். போன லீவில் நீங்கள் கொண்டுவந்த பெட்டிக் கேமரா பரணில் சும்மாதானே கிடக்கிறது. நெல் அறையை இருட்டாக்கி நீங்கள் பிலிம் கழுவியபோது பக்கத்தில் நின்று மருந்து கலக்கியது யாராம்?

அத்தையிடம் சொன்னதும் ஒரே ஆட்டம். "ஏட்டி, செத்தவுகளப் பிடிக்கிற பெட்டிய வச்சுப் பச்சப்பிள்ளயப் பிடிக்கப் போறியாக்கும்!" நம் தெருவில் போட்டோ என்றால் மாமாவுக்குச் செய்தது மாதிரி, மூச்சு நின்ற பிறகு நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பதுதானே. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

படம் புத்தகத் தபாலில் வரும். அதற்குள் கடிதம் வைக்கக் கூடாது என்று போஸ்ட்மாஸ்டர் சொல்லிவிட்டார். அதனால் படம் தனியாக வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புள்ள,
தங்கத்தாய்

*

ராவல்பிண்டி,
24-7-1938

தங்கம்,

படம் வந்தது.

சளி என்று நீ எழுதியபோதே மனசு பதறியது. வெள்ளைத் துணியில் சுற்றி, கண்ணை மூடி, நெற்றி நிறைய விபூதி பூசி அம்மா மடியில் கிடத்தியிருக்கிறார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். சித்தி தலையைக் குனிந்து நிற்கிறாள். அப்பாவை எடுத்த படத்திலும் நாங்கள் எல்லாரும் இப்படித்தானே நின்றோம். உன்னைக் காணவில்லை. எழுந்து வர முடியாமல் உள்ளே கிடக்கிறாயோ? நானே எடுப்பேன் என்று நீ எழுதியதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்; வெளியாளை உள்ளே விடாத அம்மா கூப்பிட்டுப் படம் எடுத்தால் அது எதற்கு என்று எனக்குத் தெரியாதா? ஒரு தந்தி அடித்திருக்கக் கூடாதா?

ஒரு தடவை கையில் தூக்கவில்லை. லீவு கேட்டேன், இப்போது இல்லை என்றுவிட்டார்கள். என்னோடு பட்டாளத்தில் இருக்கும் கீழப்பாவூர் மாடன்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். சாப்பிடு சாப்பிடு என்கிறான். இறங்கவில்லை.

ஒன்று மட்டும் செய். அப்பா படத்தில் மூடியிருந்த கண்ணுக்கு மேல் மையால் திறந்த கண் எழுதிக் கொடுத்தார்களே, அதே மாதிரி இவளுக்கும் கண் எழுதச் சொல்லி அனுப்பு. என் மகள் என்னைப் பார்க்கிற மாதிரி ஒரு படம் எனக்கு வேண்டும். நீ மனசை விட்டுவிடாதே.

தளவாய்

*

தென்காசி,
31-7-1938

அத்தான்,

உங்கள் மகள் உயிரோடு இருக்கிறாள்! தந்தியும் கொடுத்திருக்கிறேன், ஆனாலும் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள். மடியில் கிடந்து பால் குடித்துக்கொண்டே காகிதத்தை உதைக்கிறாள். ஓரத்தில் உள்ள மைக்கறை அவள் வேலை.

தூங்கினாள் அத்தான், தூங்கினாள்! சாரல் மூட்டத்தில் வீட்டுக்குள் வெளிச்சம் ஏது? கதவையெல்லாம் திறந்துவைத்து, மரக்காலைக் கவிழ்த்து அதன்மேல் கேமராவை வைத்து, கண்ணாடியைத் திறந்துவிட்டு மெதுவாக எண்ணி முடிக்கும்வரை யாரும் அசையக் கூடாது. முழித்த பிள்ளை அவ்வளவு நேரம் சும்மா கிடக்குமா? குளிப்பாட்டி, விபூதி பூசி, துணியில் சுற்றி, வயிறு நிறையக் கொடுத்து, தூங்கவைத்துத்தான் எடுத்தேன். அத்தை வாயைப் பொத்தியது சாம்பிராணிப் புகையில் வந்த இருமலுக்கு. சித்தி குனிந்தது வெட்கத்தில். நான் எங்கே என்று கேட்கிறீர்களே, பெட்டிக்குப் பின்னால் நின்றேன்! வேறு எங்கே நிற்பேன்?

இங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தைத் தபால்காரர் வாசலில் வைத்தே அத்தைக்கு வாசித்துவிட்டார். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, "எம் பேத்தி போயிட்டாளே!" என்று ஒரு கூப்பாடு. தெருவே ஓடிவந்துவிட்டது. அந்தப் பேத்தி அத்தையின் தோளில்தான் கிடந்தாள். கூப்பாட்டில் முழித்து அவளும் அழ ஆரம்பித்த பிறகுதான் அத்தைக்கே நினைவு வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது நிஜம். நீங்கள் சாப்பிடாமல் இருந்ததைப் படித்ததும் அழுகையும் வந்தது. கேமராவை அத்தை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிவிட்டார்கள்.

தங்கத்தாய்

*

ராவல்பிண்டி,
9-8-1938

அன்புள்ள தங்கத்துக்கு,

தந்தி வந்த அன்றைக்கு மாடன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பாரக் முழுக்கச் சுற்றினான். அம்மன் புண்ணியம்.

ஆனால் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அம்மா பூட்டியது சரி. இனி கேமராவைத் தொடாதே. பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தச் சோலி? நாலு பேருக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள். இங்கே ஸ்டூடியோக்காரர் எடுத்தது என்றே சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்லு. பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

தளவாய்

*

தென்காசி,
18-8-1938

அத்தானுக்கு,

தொடாதே என்றீர்கள். தொட்டுவிட்டேன். இன்னும் தொடுவேன். கோபப்படுவதானால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுப் படுங்கள்.

பின் தெருவில் தறி போட்டிருக்கிற வீட்டு சைதூன் பீவிக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. அவள் மாப்பிள்ளை பினாங்கில். நம் வீட்டுக் கூத்து ஊருக்கே தெரியுமே, அவள் உம்மா நேராக அத்தையிடம் வந்துவிட்டார்கள். "எங்க வீட்டுக்குள்ள எந்த ஆம்பிளயக் கூப்பிட முடியும் ஆச்சி? உங்க மருமவ வந்தாத்தான் எம் மருமவன் பிள்ள முகத்தப் பாப்பாரு."

அத்தை அவர்களைத் திண்ணையில் உட்காரவைத்தார்கள். பிறகு, "எம் மருமவளையா கேட்டு வந்திய?" என்றார்கள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாவி இடுப்பிலிருந்து தானாக வந்தது. "போட்டி, போயி நல்லாப் பிடிச்சுக் குடு. நம்ம வீட்டுப் பேரக் கெடுத்துராத."

போனேன். நன்றாகவே எடுத்தேன். நம் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் படத்தில் வெள்ளைத் திட்டு விழுகிறது. அதனால் குற்றாலம் போன வண்டியில் குடம் கொடுத்துவிட்டு அருவித் தண்ணீர் எடுத்துவரச் சொல்லிக் கழுவினேன். பளிச்சென்று இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். சைதூன் படத்தைக் கன்னத்தில் ஒத்திக்கொண்டு, "இது என் பிள்ளையா!" என்று கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை அத்தான். எட்டாவது வரை படித்ததற்கோ, உங்களைக் கட்டியதற்கோகூட நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

திரும்பி வந்ததும் அத்தை புதுச்சேலை கட்டி நிற்கிறார்கள். "எனக்கும் ஒண்ணு பிடிட்டி. கண்ணு தொறந்திருக்கும்போதே பிடிச்சுரு." சாரல் ஓய்ந்து முற்றத்தில் நல்ல வெயில். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார்கள், சித்தி என் பக்கத்தில் நின்று பித்தளைத் தட்டைத் தட்டினாள், பாட்டியும் பேத்தியும் ஒரே மாதிரி முழித்தார்கள். படம் புத்தகத் தபாலில் தனியாக வருகிறது. யாரும் கண் எழுத வேண்டாம்.

இதை யார் எடுத்தது என்று அங்கே கேட்பார்கள். என்ன சொல்லப் போகிறீர்கள்? அதற்குப் பதில் வராமல் இங்கிருந்து கடிதமும் வராது, படமும் வராது.

தங்கத்தாய்

*

ராவல்பிண்டி,
29-8-1938

போட்டோக்காரி தங்கத்தாய்க்கு,

அம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு முப்பிடாதியைப் பார்த்தேன். என்னையே பார்க்கிறாள். என்ன முழி! எதிரே உட்கார்ந்து, "ஏட்டி, அப்பா வந்திருக்கேன்" என்று சொன்னேன். மாடன் கேட்டுவிட்டான், கேட்டால் என்ன.

படம் சுபேதார் கை வரைக்கும் போய்விட்டது. எந்த ஊர் ஸ்டூடியோ என்று கேட்டார். எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். "ஸ்டூடியோ இல்லை சாப், என் வீட்டுக்காரி எடுத்தாள். பிலிம் கழுவியதும் அவள்தான். போன படமும் அவள் எடுத்ததுதான்" என்றேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை தங்கம். சுபேதார் இன்னொரு தடவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் மாடன் வந்தான். "ஏலே, மதினிகிட்டச் சொல்லி எம் பயலையும் ஒண்ணு பிடிச்சு அனுப்பச் சொல்லுலே. அவன் கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது." அவனுக்குப் பின்னால் குத்துக்கல்வலசை பரமசிவன் நிற்கிறான், அவனுக்கும் ஒரு மகள். இன்னும் நம் பக்கத்துப் பையன்கள் ஒவ்வொருத்தனாக ஊரையும் தெருவையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

நான் உன்னைப் போ என்று சொல்லவில்லை. போவாயா என்று கேட்கிறேன். பிலிம் இங்கிருந்து அனுப்புகிறேன். வண்டி கட்டிக் கொடுக்கும்படி அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீயே வாசித்துக் காட்டு, தபால்காரரிடம் விடாதே.

பாரக்கில் இப்போது யாரும் என்னைத் தளவாய் என்று கூப்பிடுவதில்லை. புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். அதையே கீழே போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
போட்டோக்காரி புருசன்