ரத்து செய்த டிக்கெட்

திண்டுக்கல்
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஆனந்த்ராஜுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நான், உன் அப்பா, அக்கா, அக்கா மகள் கவிநிலா எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் உடம்புக்கு நன்றாகவே இருப்பாய். பெற்றவள் மேல் இத்தனை நாள் கோபத்தை இழுத்துப் பிடிக்க உடம்பில் தெம்பு வேண்டுமே, அதை வைத்துத்தான் சொல்கிறேன். டெல்லியில் குளிர் விட்டுவிட்டது என்று டிவியில் சொன்னார்கள், இருந்தாலும் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை நீ பாதியில் வைத்துவிடுகிறாய். காகிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேசையிலேயே கிடக்கும், மறுநாளாவது எடுத்துப் படிப்பாய். ஜெராக்ஸ் கடைக்காரிக்குக் காகிதத்துக்கா பஞ்சம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் ரயில் டிக்கெட்டை ரத்து செய்தது நான்தான். அப்பா கை தவறி அமுக்கிவிட்டதாக உன்னிடம் சொன்னாராமே, அவர் பாவம், வீட்டில் யார் சண்டை போட்டாலும் நடுவில் புகுந்து ஒரு பொய்யைச் சொல்லியாவது சமாதானம் செய்யப் பார்ப்பார். மில் பஸ் ஓட்டுகிற மனிதருக்கு என் கடைக் கம்ப்யூட்டரை எப்படித் திறப்பது என்றே தெரியாது. நம் கடைக் கணக்கில் நான் எடுத்த டிக்கெட், நானே உட்கார்ந்து, யோசித்து, ரத்து என்ற பொத்தானை அமுக்கினேன். இதை உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. இனி ஒரு தடவை இப்படி வந்தாலும் இதையேதான் செய்வேன்.

ஏன் என்று கேள். கார்த்திகையில் நீ ஹானர்ஸ் பாடங்களின் பட்டியல் என்று ஒன்றை போனில் அனுப்பினாயே, சும்மா பாரும்மா என்று. நான் சும்மா பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு கவுண்டரிலேயே வைத்துக்கொண்டேன். எனக்கு அந்த இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. பேகம்பூரிலிருந்து எதிர்க் கல்லூரிக்கு வருகிற ருக்ஸார் என்ற பெண், தன் நோட்ஸ் ஜெராக்ஸ் ஆகும் நேரத்தில் ஒவ்வொன்றாக எனக்குப் படித்துச் சொல்லும். கொள்ளைநோய் வந்த காலங்களைப் பற்றி டாக்டரும் சரித்திர வாத்தியாரும் சேர்ந்து நடத்துகிற பாடம் ஒன்று. பூஜ்யத்தைப் பற்றிக் கணக்கு வாத்தியாரும் தத்துவம் சொல்பவரும் நடத்துவது ஒன்று. மனிதன் ஏன் தூங்குகிறான் என்றுகூட ஒன்று இருந்தது, அதை உன் அப்பாவுக்கு எழுதிப் போடலாம் என்று நானும் அந்தப் பெண்ணும் சிரித்தோம். எந்தத் துறைப் பிள்ளையானாலும் எதில் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று ருக்ஸார் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடை வைத்த நாளிலிருந்து பார்க்கிறேன், காமர்ஸ் பிள்ளை காமர்ஸ் நோட்ஸைத்தான் கொண்டுவரும், கெமிஸ்ட்ரி பிள்ளை கெமிஸ்ட்ரியைத்தான் கொண்டுவரும். பக்கத்தில் நிற்கிறவன் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று ஒரு பிள்ளை எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. ருக்ஸாரும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, "அத்தை, இம்புட்டையும் படிக்க விடுறாங்களா"ன்னு கேட்டுவிட்டு அந்தப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தது.

அதன் பிறகு ஒரு சாயங்காலம் நீ போன் செய்தாய். அந்தத் தண்ணீர்ப் பாடத்தைப் பற்றிச் சொன்னாய். நிலத்துக்கு அடியில் இருக்கிற தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்று பாறை படித்தவர், சட்டம் படித்தவர், சரித்திரம் படித்தவர் மூன்று பேரும் ஒரே வகுப்பில் நின்று நடத்துவார்களாம், கணக்குப் படிக்கிற நீ அதில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டலாமாம். நம் தெருவில் கோடைக்குக் கோடை யார் வீட்டு போர்வெல் ஆழம் என்று சண்டை வருகிறதே, அதைச் சொல்லித்தான் ஆரம்பித்தாய். அடியில் எல்லார் வீட்டுக்கும் ஒரே பாறைதாம்மா, ஒரே தண்ணிதாம்மா, இவங்க மேலே நின்னு மல்லுக்கட்டுறாங்க என்றாய். நிறுத்தாமல் பேசினாய். அடுப்பில் உலை பொங்கி வழிந்து அணைந்தேபோனது, நான் எழுந்து போகவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய அன்றுகூட உன் குரலில் அந்தச் சந்தோஷம் இல்லை அப்பு. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்தப் பாடம் என் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்று.

பிறகுதான் இந்தக் காதுகுத்து வந்தது. உன் அக்கா அன்புக்கரசியின் மாமனார், அதுதான் நம் சம்பந்தி கருப்பணன், கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை நாள் குறித்து, கிடாய் சொல்லி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட் முழுக்கப் பத்திரிகையும் கொடுத்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமைதான் ஹானர்ஸுக்கு உன்னை நேரில் கூப்பிட்டிருந்த நாளும். எல்லாத் துறையிலிருந்தும் சேர்த்துக் கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்கள், அன்றைக்குப் போகாவிட்டால் அவ்வளவுதான் என்று நீதான் முன்பு சொன்னாய். அதே நீ, "போனாப் போகுதும்மா, நான் சாதா டிகிரியோட முடிச்சுட்டு வாரேன், பிள்ளைக்குத் தாய்மாமன் நான் ஒருத்தன்தானே, டிக்கெட் எடு"ன்னு சொன்னாய். நானும் வாயை மூடிக்கொண்டு எடுத்தேன். ஆனால் எனக்கு உள்ளே எரிந்தது. ஆசைப்பட்டதை ஒரு பேச்சுக்குக்கூடச் சண்டை போடாமல் கீழே வைத்துவிடுகிற அந்தக் குணத்தை உன் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டாயே, என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லையா.

சண்டையை நானே போடுவது என்று சம்பந்தி வீட்டுக்குப் போனேன். ஆயக்குடிக் கொய்யா ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு, மரியாதையாகத்தான் போனேன். நாளை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அவர் சுபாவம் உனக்குத் தெரியும். "ஏனுங்க சம்பந்தி, ஊருக்கெல்லாம் சொன்னதுக்கப்புறம் நாளை மாத்துனா நல்லா இருக்குமுங்களா, மாமன் மடி இல்லாமக் காது குத்துனா அந்தப் புள்ளைக்கு மாமன்னு ஒருத்தன் எதுக்குங்க"ன்னு மெதுவாகத்தான் கேட்டார். உன் பெரியப்பாவும் கூட வந்திருந்தார். அவர் சும்மா இருக்காமல், கணக்குப் படிக்கப் போனவன் தண்ணியைப் பத்திப் படிச்சா ரெண்டுங்கெட்டான் ஆயிருவான், அதுக்கு எவன் வேலை கொடுப்பான், பையன் வரலைன்னா எம் மகன் பால்பாண்டி மடியில உக்கார வச்சுக் குத்துவோம், அவனும் மாமன் முறைதானே என்றார். பால்பாண்டி நல்ல பிள்ளைதான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு மடி அவனுடையது என்றால் நாளைக்கு அந்தப் பிள்ளை பெரியவளாகும்போது, கல்யாணத்தின்போது, எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவன் அவன்தான். உன் இடத்தை எடுத்துக் கொடுக்க எனக்கு மனசில்லை. உன் படிப்பை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. இரண்டில் ஒன்றைத் தொலைத்தால்தான் இன்னொன்று என்று எல்லோரும் பேசினார்கள், அது என்ன கட்டாயம் என்று எனக்குப் புரியவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கடையைத் திறந்து டிக்கெட்டை ரத்து செய்தேன். நீ தட்கால் எடுத்து வந்துவிடுவாயோ என்று வியாழக்கிழமை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. அந்த நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்ததாக அக்காவிடம் மட்டும் சொன்னாயாம், இடம் கிடைத்தாலும் சேரப்போவதில்லை, அம்மா என் மாமன் இடத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டாள் என்றும் சொன்னாயாம். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இந்தக் கடிதமே. காதுகுத்தில் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லக் கூடாது, போட்டோவும் அனுப்பக் கூடாது என்று நான்தான் உன் அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

கேள். சீர்த்தட்டு எதிலும் குறை வைக்கவில்லை. அக்காவுக்குச் சின்னாளப்பட்டிச் சேலை, பிள்ளைக்குப் பாவாடை சட்டை, வளையல், பழங்கள், நீ ஆசையாகப் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்தச் சிவப்புக்கல் தோடு ஒரு ஜோடி. கவிநிலாவுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசினார்கள், அழவே இல்லை, தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டது. பந்தலில் ஆசாரி கம்பியை எடுத்து வைத்துக்கொண்டு, "மாமன் யாருங்க, வந்து உக்காருங்க" என்றார். பால்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். அவன் வருவதற்குள் நான் போய் மாமன் உட்காருகிற பலகையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பொம்பளை எங்கேயாவது மாமன் பலகையில் உட்காருவாளா என்று யாரோ பின்னால் கேட்டார்கள். நான் அக்காவைப் பார்த்து, பிள்ளையைக் கொடுடி என்றேன். அவள் ஒரு நிமிடம் மாமனாரைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், பிறகு கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உன் அக்காவை நான் அப்படிப் பெருமையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஆசாரி சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டு, குத்துங்க என்றார். வலது காதைக் குத்தித் தோட்டைப் போட்டார்கள். பிள்ளை போட்ட கூப்பாட்டில் கிடாயே மிரண்டுவிட்டது.

ஆசாரி மறுபக்கம் திரும்பி வந்தபோது நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். போதும், இந்தக் காது ஆத்தா என் கணக்கு, அந்தக் காதை மாமன் வந்து குத்துவான் என்றேன். ஆமாம் அப்பு, உன் அக்கா மகள் இப்போது ஒற்றைக் காதில் தோட்டோடு திரிகிறாள். பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு சாப்பிடாமலே கிளம்பினார், பிறகு கறி வெந்த வாசத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் பாட்டுக்குப் பரிமாறினேன். பந்தி முடிந்தபின் சம்பந்தி என்னிடம் வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவர், "தம்பி மே மாசம் லீவுல வருமுங்களா, தேதியச் சொல்லுங்க, நான் ஆசாரிகிட்டச் சொல்லி வைக்கணும்"னு கேட்டார். போகும்போது திரும்பி, "அந்தப் படிப்பு தம்பிக்குக் கெடச்சிருமுங்களா"ன்னும் கேட்டார். இப்போது மார்க்கெட்டில் யார் கேட்டாலும், பேத்திக்கு மாமன் டெல்லியில் பெரிய படிப்புக்குப் போயிருக்கிறான், அதனால்தான் மறு காது பாக்கி என்று அவரே சொல்கிறாராம்.

ஆகையால் உன் மாமன் இடத்தை நான் இல்லாமல் ஆக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல உனக்கு இடம் பிடித்துத்தான் வைத்திருக்கிறேன். மற்ற தோடு என் கடைக் கல்லாப்பெட்டியில் பஞ்சில் சுற்றி இருக்கிறது. இனி என் மேல் உள்ள கோபத்தைச் சாக்கு வைத்து அந்தப் பாடத்தை விட முடியாது, வேறு சாக்கு இருந்தால் எழுது, அதற்கும் நான் பதில் வைத்திருப்பேன். ஹானர்ஸில் இடம் கிடைக்கவில்லையென்றால் அது அவர்கள் முடிவு, தலையை நிமிர்த்திக்கொண்டு வா, பிள்ளையை உன் மடியில் நானே வைக்கிறேன். கிடைத்தும் சேராமல் வந்தாயானால், நீ என் பலகை பக்கம் வராதே. அந்தப் பிள்ளை ஒற்றைத் தோட்டோடேயே வளரட்டும், ஏன் என்று கேட்கிற வயதில் நீயே அவளுக்குச் சொல்லிக்கொள்.

பார்சலில் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் வைத்திருக்கிறேன், அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், அவருக்கு "ம்" என்று மட்டும் பதில் அனுப்பாதே, மனசு வாடிப்போகிறார். கருப்பணசாமி துணை நிற்பார், நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் என் பிள்ளை எதற்கும் பின்வாங்காமல் இருக்கட்டும். ஹானர்ஸ் முடிவு வந்ததும் முதலில் எனக்குச் சொல், கோபமாகவே சொன்னாலும் பரவாயில்லை.

உன்னைப் பெற்றவள்,
வீ. மகேஸ்வரி