ஆள் தெளிவா?

மார்ச் 4, செவ்வாய்

எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கதவை ரிப்பேர் செய்தோம். சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். டப்பாவைத் திறந்து பார்த்த மனைவி, "என்னாச்சுங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். இப்போதெல்லாம் என் வாயில் வருவது அது ஒன்றுதான்.

மார்ச் 6, வியாழன்

தூக்கம் இல்லை.

மார்ச் 10, திங்கள்

எனக்கு என்ன கேடு? வேலை இருக்கிறது. வீட்டில் குறை இல்லை. மகள் நன்றாகப் படிக்கிறாள். ஆனால் எழுந்ததும் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி. பல் தேய்ப்பதே பெரும்பாடாக இருக்கிறது. நேற்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது, நான் இல்லாமல் போனால் இவர்களுக்கு நிம்மதி என்று தோன்றியது.

யார்கிட்ட சொல்றது? கம்பெனியில் வாயைத் திறந்தால் முடிந்தது கதை. ஊருக்கெல்லாம் நட்டு முடுக்குகிறவனுக்கே நட்டு கழண்டுடுச்சு என்று ஆயுசுக்கும் சிரிப்பான்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை, உயரத்தில் ஏற விடமாட்டார்கள். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

மார்ச் 13, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒருவன் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நிற்பான். இன்னொருவன் மொட்டைமாடி மோட்டார் அறையில் இருப்பான். கூண்டை நகர்த்தும் முன் மோட்டார் அறையில் இருப்பவன் "ஆள் தெளிவா?" என்று கத்த வேண்டும். கை, கால், கருவி எல்லாம் ஒதுங்கியிருந்தால் கூண்டின் மேல் நிற்பவன் "தெளிவு" என்பான். "தெளிவில்லை" என்று சொல்லிவிட்டால், மோட்டார் அறையில் இருப்பவன் மெயினை அணைத்துவிட்டு இறங்கி வர வேண்டும். ஏன், எதற்கு என்று அங்கிருந்தே கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

இன்று கூண்டின் மேல் நான், மோட்டார் அறையில் ஒட்டகம். என் ஜோடி. எந்தக் கதவிலும் குனிந்துதான் நுழைவான், அதனால் அந்தப் பேர். "ஆள் தெளிவா?" என்றான். என் கை கால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் வாய் வரவில்லை. மறுபடியும் கத்தினான்.

"தெளிவில்லடா" என்றேன்.

அந்த முறையில் 'டா' கிடையாது. தப்பு. அந்த 'டா'விலேயே பயந்துவிட்டானாம். படியில் தடதடவென்று ஓடிவந்து, கதவைத் திறந்து என்னை வெளியே இழுத்தான். கையைப் பார்த்தான், காலைப் பார்த்தான். "எங்கடா மாட்டிச்சு?"

"எங்கயும் மாட்டல. எனக்குத்தான் தெளிவில்ல. கொஞ்ச நாளாவே இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்தான். சுற்றி வளைக்கவே இல்லை. "செத்துடலாம்னு தோணுதா மாப்ள?"

அடப்பாவி, இப்படியா கேட்பாய்! ஆனால் கேட்டதும் உடைந்துவிட்டேன். சட்டைக் கையெல்லாம் மூக்குச் சளி. "சில நேரம்" என்றேன்.

"இப்ப?"

"இப்ப இல்ல. உன் மூஞ்சியப் பாத்தா அழுகைதான் வருது."

"அது எல்லாருக்கும் வர்றதுதான்" என்றான். "உன்னத் தனியா விடறதா இல்ல. தங்கச்சிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

மார்ச் 14, வெள்ளி

நேற்று ஒட்டகம் வீடு வரை கூடவே வந்தான், ஆனால் நானேதான் சொன்னேன். மனைவி முதலில் அழுதாள். அப்புறம் சண்டைக்கு வந்தாள். "கட்டினவ இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன், முதல்ல அவர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கீங்க!"

"நான் கேட்டேம்மா, அதான் சொன்னான்" என்றான் ஒட்டகம்.

"நான் மட்டும் தினமும் சுவத்துகிட்டயா கேட்டேன்?"

திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்தாள், ராத்திரி முழுக்க விடவில்லை. காலையில் அவளே மனநல டாக்டருக்குப் போன் போட்டாள்.

மார்ச் 17, திங்கள்

டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். காத்திருக்கும் இடத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டேன். எதிரே ஒருவரும் அப்படியே. பக்கம் திருப்பும்போது கண்ணும் கண்ணும் இடித்துக்கொண்டன. எட்டு மாடிக் கட்டடத்தின் மேனேஜர்! "லிஃப்ட் நல்லா ஓடுதா சார்?" என்றேன். "ஓடுது ஓடுது" என்றார். இரண்டு பேரும் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டோம். மனைவி அடக்க முடியாமல் சிரித்தாள்.

டாக்டரம்மா நடுவில் குறுக்கிடவே இல்லை. கடைசியில்தான் பேசினார். "இதுக்குப் பேர் இருக்கு, வைத்தியமும் இருக்கு. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். பேசறத இன்னைக்கே ஆரம்பிச்சிட்டீங்க. ராத்திரி அந்த நெனப்பு வந்தா யாரைக் கூப்பிடுவீங்க?" மனைவி கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குகிற மாதிரி.

மார்ச் 19, புதன்

போர்மேனிடம் சொன்னேன். "டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் மேல ஏறாத. ஆபீஸ்ல போன் எடு. உன் எடம் எங்கயும் போகாது" என்றார். மற்றவர்களுக்கு முதுகுவலி என்று சொல்லிக்கொள்ளலாமாம். சரி என்றேன்.

மார்ச் 27, வியாழன்

என் முதுகு பிரபலமாகிவிட்டது. ஆளாளுக்கு ஒரு தைலம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பாவிகள், இவ்வளவு பாசமா? பொய் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

மோசமான நாள். மனைவியிடம் சொன்னேன். கூடவே உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 9, புதன்

தூங்கினேன். எழுந்ததும் பசித்தது. பசி!

ஏப்ரல் 25, வெள்ளி

மத்தியானம் ஒரு போன். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஆள். தனியாக இருக்கிறார், மூச்சு வாங்குகிறது, பேச்சே வரவில்லை. ஒட்டகத்தை அனுப்பினேன். போய்ச் சேரும் வரை இவரைப் பிடித்து வைக்க வேண்டுமே.

"காத்து உள்ள வந்துட்டேதான் இருக்கும், பயப்படாதீங்க. லைன்ல நான் இருக்கேன். ஏதாவது பேசுங்க."

"என்ன... பேசறது?"

"அப்ப நான் பேசறேன். போன மாசம் எனக்கும் இப்படித்தான் நெஞ்ச அடைச்சுச்சு. லிஃப்ட்ல இல்ல, வீட்டுல. உசுரோட இருக்கவே பிடிக்கல. மனசு டாக்டர்கிட்ட போனேன்..."

சொல்லிக்கொண்டே போனபோதுதான் கவனித்தேன், ஆபீஸ் கப்சிப். அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தப் பார்த்தேன். அந்தப் பக்கம் மூச்சு இரைத்தது. தைலம் கொடுத்தவர்களுக்கு முன்னாலேயே மீதியையும் சொன்னேன், பேப்பர் கூத்து உட்பட. அந்த ஆள் லேசாகச் சிரித்தார். ஆபீஸிலும் யாரோ சிரித்தார்கள், கேலியாக இல்லை.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "வெளிய வாங்க சார்" என்று ஒட்டகத்தின் குரல்.

"ஒரு நிமிஷம்ப்பா" என்றார் அவர். போனை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார், "சார்... அந்த டாக்டரம்மா எங்க பாக்குறாங்க?"