நடுப்பக்கத்துக் குட்டிக்கரணம்

ஓய், மானக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். உம்முடைய பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டில், பாயசத்துக்கு முன்பே இலையை விட்டு எழுந்து, கை கழுவுகிற சாக்கில் உம் அலமாரியைத் துழாவினேன். உம் சம்சாரம் பார்த்துவிட்டார்.

"அந்தப் பத்திரிகைப் பெட்டிதானே? எடுத்துண்டு போங்கோ. நேக்கு இடம் ஒழியட்டும்."

பெட்டி இப்போது என் மேஜையில். அந்துருண்டை நாற்றம் உம்மைப் போலவே விடாமல் மூக்கில் ஏறுகிறது. உம்மை நல்லவர் என்று எழுத மாட்டேன். இரங்கல் கூட்டத்தில் இரண்டு பேர் அந்தப் பொய்யைச் சொல்லியாகிவிட்டது.

கரமனை அக்ரகாரமே நம்மைப் பார்த்துச் சிரித்தது. குனிந்து கால்விரலைத் தொட முடியாத இரண்டு பேர், ஓரெழுத்தும் வாசிக்கத் தெரியாமல், பழைய ருஷ்ய ஜிம்னாஸ்டிக்ஸ் பத்திரிகைகளைச் சேர்த்தோம். அந்தத் தேசமே கலைந்த பிறகு அவை ஆரியசாலைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்தன. வழவழப்பான தாள். ஜூனில் பள்ளி திறந்தால் நோட்டுக்கு அட்டை போட ஊரே அள்ளிப் போகும். அதற்கு முன்னால் போக, நீர் எனக்குத் தெரியாமல் முதல் பஸ் பிடிப்பீர். நான் உமக்குத் தெரியாமல் அதே பஸ்ஸில் பின்வாசலில் ஏறுவேன்.

ஒரே ஒரு இதழில் உம்மை முந்தினேன். நடுப்பக்கத்தில், நாலு விரல் அகல மரச்சட்டத்தின்மேல் குட்டிக்கரணத்தின் பாதியில் ஒரு பெண். மே மாதம் இரவல் வாங்கினீர், ஒரு வாரத்தில் திருப்பித் தந்தீர். ஓணத்துக்கு எடுத்துப் பார்த்தால் தைத்த கம்பி இருக்கிறது, நடுப்பக்கம் இல்லை.

உம் வாசலுக்கே வந்து கேட்டேன்.

"நான் எடுக்கலை ஓய். உம்ம ஆத்துல தேடிப் பாரும்."

"களவும் பண்ணிட்டு உபதேசம் வேறயா?"

"கஷ்டம். ஒரு படத்துக்கா தெருவைக் கூட்டறீர்?"

ஒன்பது வருஷம் பேசவில்லை. எதிரே வந்தால் நீர் செருப்பைப் பார்ப்பீர், நான் வானத்தைப் பார்ப்பேன். நீர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்தைக் கொடுத்தால் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். நாலாம் நாள் சாவுச் செய்திதான் வந்தது.

உம் பெட்டியை ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். இல்லை. எரித்துவிட்டீர் என்று இன்னொரு முறை திட்டினேன்.

நேற்று அந்தப் பெட்டியை வைக்கப் பரணை ஒழித்தபோது என் மகளின் அந்த வருஷத்து நாலாம் வகுப்புக் கணக்கு நோட்டு விழுந்து அட்டை கழன்றது. ருஷ்ய எழுத்து வெளியே. டீச்சர் திட்டக்கூடாதென்று படம் உள்ளே. அந்தப் பெண் இன்னும் தலைகீழாகத்தான் இருக்கிறாள். செத்த பிறகும் நீர் சொன்னதே சரியாவது எனக்கு எரிச்சல்தான். பெட்டியைத் திருப்பித் தரமாட்டேன்.

அட்டை போட்டது என் மனைவி. லேபிளில் பெயரும் வகுப்பும் எழுதியது நான்.