கைக்கும் கியூரிங் வேண்டும்

மர்பி டவுன்,
பெங்களூர்

அன்புள்ள ரக்ஷிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், சண்டிகரில் உன் கையைத் தவிர மற்றதெல்லாம் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுகிறாய், அதனால் பார்சலோடு இதையும் வைக்கிறேன், முழுசாகப் படி. விரல் வெடிப்பு ஆறாமல் வார்டுக்குள் வரக்கூடாது என்று உங்கள் மேடம் சொன்னது சரி. புண்ணுள்ள கையோடு யாரும் நோயாளியைத் தொடக்கூடாது. அதற்காக நர்ஸிங்கே வேணாம், வீட்டுக்கு வந்துடறேன்ப்பா என்பதா? பிரச்சினை உன் படிப்பில் இல்லை, நீ பூசுகிற சாமானில் இருக்கிறது.

கைக்குப் பூசுவதில் மூன்று வகை. நீ பூசுவது முதல் வகை, கிளிசரின் ஜெல். அது ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், எங்கள் சைட்டில் கான்கிரீட் காய்ந்து வெடிக்காமல் இறுக, கியூரிங் என்று புதுத் தூணுக்குச் சுற்றுகிற நனைந்த சாக்கு மாதிரி. நீ அதைக் காய்ந்த கையில் பூசிக்கொண்டு ஹீட்டர் முன்னால் உட்கார்ந்தால் காற்றில் ஏது ஈரம்? தோலுக்கு அடியில் இருப்பதையே இழுத்து வெளியே விட்டுவிடும். இரண்டாவது வகை க்ரீம், சுவருக்குப் பட்டி பார்ப்பது போல வெடித்த சந்துகளை நிரப்பும். மூன்றாவது பெட்ரோலியம் ஜெல்லி, சாக்குக்கு மேல் சுற்றுகிற பிளாஸ்டிக் ஷீட். தானாக ஈரம் தராது, இருப்பதைப் போகவிடாது. ஆகவே கை கழுவியதும் துடைக்காமல் ஒற்றி, ஈரமாக இருக்கும்போதே நான் அனுப்பிய க்ரீமைப் பூசு. படுக்கும்போது மேலே ஜெல்லி, பருத்திக் கையுறை. ஹீட்டரைத் தள்ளி வை. ரத்தமோ சீழோ வந்தால் தோல் டாக்டரிடம் போ, என்னைக் கேட்காதே.

சோதிக்காமல் அனுப்பவில்லை. சிமெண்ட் தின்ற என் கையிலேயே போட்டுப் பார்த்தேன். கொத்தனார் ஆதிகேசவன், இன்னா சார், செவுத்த வுட்டுட்டு கைக்குப் பூசினு கீற என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். சிரிக்கட்டும். சைட்டில் வருகை பதிகிற மிஷின் என் கட்டைவிரலை ஒருநாளும் ஒத்துக்கொள்ளாதே, ஆள் நான் இல்லை என்று கத்துமே, அது நேற்று ஒரே தடவையில் பச்சை விளக்குப் போட்டது. இப்போது ஆதிகேசவனும் டப்பா கேட்கிறார். அம்மா கையைப் பிடித்துப் பார்த்து, யாரோட கைங்க இது என்கிறாள்.

அந்த மிஷினே என்னை உள்ளே விட்டுவிட்டது, உங்கள் மேடம் உன்னை விடமாட்டாரா? டிக்கெட் போடாதே. கை ஆறி, வார்டில் நின்று, நல்லபடியாகத் தேறி வா. க்ரீமை ரூமில் வைக்காதே, பையில் வை.

எப்போதும் நன்றாயிரு கண்ணு.

உன் அப்பா,
பிரகாஷ்