ஈரத்தலைக் காற்று

அன்புள்ள நஃபீசா, இறைவன் உன்னைக் காக்கட்டும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

1. நான் நலம்.
2. மருத்துவர் சொன்னது.
3. எனக்கு வேண்டியது.

குவைத்தில் வழக்கமான பரிசோதனைக்குப் போனேன். "ஹாஜி, ஊறுகாயை விடுங்க, இல்லைன்னா உங்களையே ஜாடியில போட்டுடுவேன்!" என்றாள் நர்ஸ். நம் மகள் ரபாப் பக்கவாதத்தில் இறந்ததைச் சொன்னேன். "சிறுநீரகக் கோளாறுக்கும் அதுக்கும் சில குடும்பத்துல ஒரே மரபணு வேர் இருக்கலாம், உஸ்தாத்" என்றார் மருத்துவர். சரியாகத்தான் புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன். குளித்த ஈரத்தலையோடு அவளை மாடிக்கு அனுப்பினேனே என்று இனி அழாதே. அவளைக் கொண்டுபோனது மாடிக் காற்று அல்ல, என் ரத்தமாக இருக்கலாம். மகன் ஃபுவாதையும் பரிசோதிக்கச் சொல்.

நீ கட்டிய பழைய தலைத்துணி ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு. தலையணைக்கு வேண்டும்.

கடிதம் கொண்டுவரும் ஸப்ரி வாசலில் அவசரப்படுத்துகிறார்.

உன் ஷௌகத்.

முதல் குறிப்பு தவறு, நஃபீசா. என் சிறுநீரகங்கள் செயலிழந்து வருகின்றன.