நவாப்புக்குத் தலைவலி

பங்காளி,

இன்று சாயங்காலம் டூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கேம்ப் முனையில் இருக்கும் பகாலாவுக்குப் போனேன். அந்தச் சின்ன மளிகைக் கடையில் இன்னும் கீழக்கரை பாய்தான் உட்கார்ந்திருக்கிறார். குப்பூஸ் ரொட்டியும் தயிரும் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கிவிட்டு, கண்ணாடி அலமாரியில் இருந்த தைலப் புட்டியைக் காட்டினேன். நீ வாங்குவாயே, பச்சை மூடி போட்டது, அதேதான். "என்ன தம்பி, தலவலியா?" என்று கேட்டார். "ஆமா பாய்" என்றேன்.

மூடி சரியாக இறுகவில்லை போலிருக்கிறது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கும்போதே வாசனை கிளம்பிவிட்டது. கேம்ப் கேட்டைத் தாண்டுவதற்குள் நீ என் பக்கத்தில் நடந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது, அவசரமே இல்லாத அந்த நடையோடு. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உன்னிடம் பேசத் தோன்றியதில்லை. இன்று தோன்றுகிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன்னைப் பற்றிய பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. ஊரில் உன் பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்துவிட்டது, இங்கே ஷார்ஜாவில் உன் கேஸ் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறது. பஸ்ஸில் டிராஃபிக்கில் மாட்டினால் போதும், யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். "ஆட்டம்னா அவன் ஆட்டம்டா. ஆனா ஆட்டிட்யூட் இருக்கே, அதான் அவனக் கெடுத்துச்சு." உடனே இன்னொருத்தன், "தெறம இருந்தாப் போதுமா, ஒழைக்க வேணாமா?" என்பான். எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறேன்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. கேம்ப்புக்குப் பின்னால் அந்த மண் மைதானத்தில் நீ மட்டையைப் பிடித்து நின்றால், கிரிக்கெட் தெரியாத சமையல்காரர்கூட கரண்டியோடு வந்து எட்டிப் பார்ப்பார். டேப் சுற்றிய டென்னிஸ் பந்தை நீ அடித்தால் அது நிறுத்தி வைத்திருக்கும் டிரெய்லர்களைத் தாண்டிப் போய் விழும். ஆனால் தாண்டாத பந்துக்கு நீ ஓட மாட்டாய். எதிர்முனையில் இருக்கிறவன் பாதி தூரம் ஓடி வந்திருப்பான். நீ உள்ளங்கையை விரித்துக் காட்டுவாய், போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி. அவன் திட்டிக்கொண்டே திரும்பி ஓடுவான். ஒரு ரன்னாவது எடுத்தே தீர வேண்டும் என்றால் நடந்து போய் எடுப்பாய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மட்டையைத் தரையில் ஊன்றி ஊன்றி. அதைப் பார்த்துத்தான் நம் டீமில் பந்து வீசும் பெஷாவர்க்காரர் கான் பாய் உனக்கு 'நவாப் சாப்' என்று பேர் வைத்தார். அது எல்லா மொழிக்காரர்களுக்கும் வசதியாக இருந்தது. உன் சொந்தப் பேர் உன் பத்தாக்கா அடையாள அட்டையில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

ஊன்றி ஊன்றி நடந்தது எதற்கென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ என்னிடம் கீழ்க்கட்டிலைக் கேட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? ரூமில் பழைய ஆள் நீ. மேல்கட்டில், ஏசிக்கு நேர் எதிரே, ராஜ இடம். அதை விட்டுவிட்டு என் கட்டிலைக் கேட்டாய். ரூமில் அதற்கும் உன் திமிர்தான் காரணம் என்றார்கள், "நவாப்பு ஏணி ஏற மாட்டாராம்." நான் காரணம் கேட்டேன். பாத்ரூமுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, கைலியைத் தூக்கி இடது முட்டியைக் காட்டினாய். உரித்த தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. "பைப்பு தூக்கிட்டு எறங்கயில மடங்கிருச்சு. நீர் கோத்துக்கிச்சு. வெளிய மூச்சு விட்டுறாத" என்றாய்.

நீ சாரம் கட்டுகிறவன். உயரத்தில் நிற்கிற ஆளுக்கு முட்டி போச்சு என்று தெரிந்தால் கம்பெனி கீழே இறக்கிவிடும். கீழே உனக்கு வேலை கிடையாது, எக்ஸிட் அடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். உன் மகள் நர்ஸிங்கில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். அவள் படிப்பு முடிகிறவரை நீ மேலே நிற்க வேண்டும், அவ்வளவுதான் உன் கணக்கு. உன்னைத் தடுத்துப் பார்த்தேன், விழுந்து தொலைத்தால் என்ன ஆகும் என்று சண்டை போட்டேன். நீ சிரித்தாய். "மேல கையிதாண்டா வேல செய்யிது பங்காளி. காலு சும்மா கூட வருது." உண்மைதான். சாரத்தில் நீ ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து ஏறுவதைக் காட்டி, "ஐஸா காம் கரோ", இப்படி வேலை செய்யுங்கள் என்று ஃபோர்மேன் மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பார். மேலே மெதுவாகப் போனால் ஜாக்கிரதைக்காரன். கீழே அதே கால் அதே மாதிரி நடந்தால் திமிர் பிடித்தவன். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்துதான் வருகிறது.

தைலம்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. பாத்ரூமில் முட்டிக்குத் தேய்த்துவிட்டு வந்தால் ரூம் முழுக்க மணக்கும். எதற்கு என்று யாராவது கேட்பார்கள். அதற்கு நீ கண்டுபிடித்த வழி இருக்கிறதே! வெளியே வருவதற்கு முன்னால் நெற்றியிலும் ஒரு விரல் தடவிக்கொள்வாய். கேட்டவனிடம் நெற்றியைக் காட்டுவாய். தினமும் தலைவலியா என்று முதலில் பரிதாபப்பட்டார்கள். பிறகு நம் கேப்டன் செல்வம் ஒரு நாள், "இருக்காதா பின்ன? அவ்ளோ தலைக்கனத்த தூக்கினு திரிஞ்சா தலைவலி வராம இன்னா வரும்?" என்றான். ரூமே குலுங்கிச் சிரித்தது. நீயும் சிரித்தாய், எல்லாரையும்விடச் சத்தமாக.

பக்கத்து கேம்ப்போடு நடந்த ஃபைனலை அவர்கள் மறக்கவே மாட்டார்கள். கடைசிப் பந்து, மூன்று ரன் வேண்டும். நீ அடித்த பந்து இரண்டு டிரெய்லருக்கு நடுவே புகுந்துவிட்டது. அதை எடுக்க ஆள் குனிந்து தவழ்ந்துகொண்டிருந்தான். மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறவர்கூட மூன்று ஓடியிருப்பார். எதிர்முனையிலிருந்து கான் பாய் "யல்லா! யல்லா!" என்று பறந்து வந்தார். நீ நடந்தாய். ஒரே ஒரு ரன். அங்கே போய் நின்றுகொண்டு கையைக் காட்டினாய். தோற்றோம்.

நான் பவுண்டரிக் கல் பக்கம் நின்று உன்னைப் பார்க்கவில்லை, அம்பயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் சைட்டின் சேஃப்டி ஆபீசர்தான் அன்றைக்கு அம்பயர். யாருடைய ஷூவில் கயிறு அவிழ்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவர். நடந்தால் முட்டி தெரியாது. ஓடினால் இரண்டாவது எட்டிலேயே தெரிந்துவிடும். அவரும் உன்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அந்த அடியைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ரூமுக்கு வந்ததும் பஞ்சாயத்து. சுலைமானி டீயை யாரும் தொடவில்லை. "ஏன் ஓடல நீ? கால்ல இன்னா, மருதாணியா வச்சினுருக்க?" என்றான் செல்வம். கான் பாய் கையை விரித்தார். "நவாப் சாப், தௌட்னா மாஃபி?" ஓட்டமே கிடையாதா என்று பாதி ஹிந்தியும் பாதி அரபியுமாக அவர் கேட்டதில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. வாயைத் திறந்தேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு அவர்களிடம், "எனக்கு ஓடப் புடிக்கல. வச்சிக்கிறதுன்னா வச்சிக்கங்க, இல்லன்னா விட்ருங்க" என்றாய்.

விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் நீ மட்டையைத் தொடவில்லை. லீவு நாட்களில் மைதானத்து ஓரத்தில் தண்ணீர் கேனைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாய். உன் பக்கத்தில் வந்து உட்கார யாருக்கும் மனசில்லை, நான் மட்டும்தான். ஒரு தடவை கேட்டேன், "இவ்வளவு கெட்ட பேரு எதுக்குடா? முட்டி வலின்னு ரெண்டு பேருகிட்டயாவது சொல்லலாம்ல?" நீ மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய். "சீக்காளின்னா அனுப்பிருவாய்ங்க. திமிருக்கு யாரும் எக்ஸிட் அடிக்கிறதில்ல பங்காளி."

மகள் படிப்பை முடித்தாள். அடுத்த மாதமே நீ எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினாய். ஏர்போர்ட்டுக்கு நானும் வந்தேன். கம்பெனி வேன் நம்மை இறக்கிவிட்டுத் திரும்பி, கண்ணுக்கு மறைகிறவரை நீ நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாய். வேன் மறைந்ததும் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, நன்றாகத் தாங்கித் தாங்கி நடந்தாய். "அப்பாடா! இனிமே நொண்டலாம்டா" என்றாய். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை, நீ அடித்த எந்த சிக்ஸருக்கும்கூட. நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, வரட்டும்.

ஊருக்குப் போய் முட்டியைச் சரிபண்ணிக்கொண்டாய், மகள் கல்யாணத்தைப் பார்த்தாய். பிறகு ஏதோ காய்ச்சல், முற்றிவிட்டது என்று உன் மகள் வாய்ஸ் அனுப்பியிருந்தாள். அதை ரூமில் போட்டுக் காட்டினேன். செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்து முடித்ததும், "நல்ல ஆட்டக்காரன். திமிரு மட்டும் இல்லாம இருந்திருந்தா..." என்றான். நான் சொல்லியிருக்கலாம். இனி உன்னை எந்த சேஃப்டிக்காரர் என்ன செய்துவிட முடியும்? உன் பேரையாவது மீட்டுக் கொடுத்திருக்கலாம்.

சொல்லவில்லை. காரணம் இருக்கிறது.

போன லீவு நாளில் மைதானத்தில் எனக்கு ஒரு கேட்ச் வந்தது. கொஞ்சம் ஓடினால் கைக்குள் விழும். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பந்து விழுந்து உருண்டு போனது. "டேய், புது நவாப்பு வந்துட்டாருடா!" என்று செல்வம் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்த சேஃப்டி ஆபீசரும் சிரித்தார். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன், உன்னை மாதிரியே.

எனக்கு வலது முட்டி. உன் கேஸைத் திறந்தால், அடுத்து என்னை உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்ப்பார்கள். பையன் பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் படிக்கிறான். அதனால் நீ இன்னும் கொஞ்ச காலம் திமிர் பிடித்தவனாகவே இரு, பங்காளி. எனக்காக.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால் பாத்ரூமில் அந்தத் தைலத்தை நன்றாக அழுத்தித் தேய்த்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, "என்னா வாசன, தலவலியா?" என்றார்கள். நெற்றியில் ஒரு விரல் தடவிக்கொண்டு கதவைத் திறந்தேன்.