பகலில் பதினான்கு பாகை

அக்கா,

இன்று காலை இந்தக் குளிர்காலத்துக்கு முதல்முறையாக ஹீட்டரைப் போட்டேன். ரேடியேட்டரில் ஒரு வருடத்துத் தூசி சூடேறி, கருகல் மணம் வீடெல்லாம் பரவியது. போன வருடம் இதே மணத்துக்கு ஜன்னலைத் திறந்துவிட்டு என்னைத் திட்டினீர்கள். அந்த நினைப்பில் சிரித்துக்கொண்டேதான் தெர்மோஸ்டாட்டின் நேரங்களைச் சரிபார்க்கப் போனைத் திறந்தேன்.

போன குளிர்காலம் முழுவதும் அதற்குள் பதிவாகிக் கிடந்தது. எந்த நேரத்தில் வீடு எவ்வளவு சூடாக இருந்தது என்று நாளுக்கு ஒரு கோடு. தை மாதத்து வேலை நாட்களில், காலை எட்டு மணிக்குப் பிறகு கோடு இறங்கத் தொடங்குகிறது. மத்தியானத்துக்குள் பதினான்கு பாகை செல்சியஸ். மாலை ஐந்து மணிவரை அது ஏறவே இல்லை. அந்த நேரமெல்லாம் வீட்டில் இருந்தது நீங்கள் ஒருவர்தான்.

அந்தத் தெர்மோஸ்டாட்டை நான் வாங்கிய கூத்து உங்களுக்கு மறந்திருக்காது. சுவரில் பழைய வட்டக் குமிழ் ஒன்று இருந்தது. நீங்கள், நான், மனுசி என்று மூன்று பேரும் வேலைக்குப் போக, யாராவது நிற்பாட்ட மறந்துபோய், ஆளில்லாத வீடு நாள் முழுக்கச் சூடாகிக்கொண்டிருக்கும். எனக்கு வீண்செலவென்றால் பத்திக்கொண்டு வரும். நேரத்தைப் பதிந்துவிட்டால் தானாகவே ஓடி நிற்கிற ஒன்றைத் தேடி மூன்று கிழமை கடை கடையாக ஏறினேன். வயரோடு உள்ளதா, வயரில்லாததா, கிழமை முழுவதற்கும் ஒரே நேரமா, ஞாயிறுக்கு வேறா என்று சாப்பாட்டு மேசையிலும் அதே கதை. "கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்கேக்கை கூட நீ இவ்வளவு யோசிக்கேல்லையடா" என்றீர்கள். என் மனுசி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து நானே அதைச் சுவரில் பூட்டினேன். நீங்கள் ஒரு கையில் டோர்ச், மறு கையில் செபமாலையோடு பக்கத்தில் நின்றீர்கள்.

"மெயினை நிப்பாட்டினியே?"

"ஓம் அக்கா."

"வடிவாப் பாத்தனியே?"

"ஓமெண்டுறன் எல்லே!"

பழையதைக் கழற்றி, இரண்டு வயரையும் புதியதில் இறுக்கி, மெயினைப் போட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம். பல்கனியில் ரேடியேட்டர்களுக்குத் தண்ணீர் காய்ச்சுகிற கொதிகலன் பற்றிக்கொண்டது. "கெட்டிக்காரன்" என்றீர்கள். துறைமுகத்தில் பெட்டி இறக்குகிறவனுக்கு அந்தச் சொல் ஒரு கிழமைக்குப் போதும். காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டுக்கு நிற்கும், மாலை ஐந்துக்குத் திரும்பத் தொடங்கும். எங்கள் மூவரின் வேலைநேரத்துக்கு அளந்து தைத்த சட்டை.

அடுத்த வருடம் உங்கள் இருதயம் பழுதாகி நீங்கள் வேலையை விட்டபோது, அந்த நேரங்களை நான் மாற்றவில்லை. மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஒரே ஒருவருக்காக முழு வீட்டையும் பகல் முழுக்கச் சூடாக்குவதா என்று இந்தப் புத்தி யோசித்தது. "குளிரெண்டால் இந்தப் பட்டனை ஒருக்கா அமத்துங்கோ, ரெண்டு மணித்தியாலம் ஓடும்" என்று காட்டித் தந்தேன். "ஓம் ஓம், விளங்கீட்டுது" என்றீர்கள். ஒவ்வொரு மத்தியானமும் துறைமுகத்திலிருந்து போன் எடுத்து, "குளிருதோ அக்கா?" என்று கேட்டேன். "இல்லையடா, நல்ல சூடு."

நீங்கள் அந்தத் தெர்மோஸ்டாட்டைத் துடைக்கிற விதத்தை எத்தனை தரம் பார்த்துச் சிரித்திருக்கிறேன்! துணியின் நுனியை இரண்டு விரலால் பிடித்து, பட்டனில் படாமல் ஓரத்தை மட்டும் துடைப்பீர்கள். "அது கடிக்காது அக்கா" என்று பகிடி பண்ணினேன். பணக்காரர் குடியிருக்கிற லிபெர்த்தாப் பகுதியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த வீட்டைப் பற்றி நீங்களே சொல்லியிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், வீட்டுக்கார அம்மா, அந்தச் சின்யோரா, வெளியே போயிருந்த நேரம், விறைப்புத் தாங்காமல் அந்த வீட்டுக் குமிழை ஒரு கோடு திருப்பினீர்களாம். அந்தம்மா வந்து, பார்த்து, வாயே திறக்காமல் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டுப் போனாராம். "ஏசியிருந்தால் கூடப் பரவாயில்லையடா" என்றீர்கள். அதன் பிறகு அந்தச் சுவரில் நீங்கள் கை வைக்கவில்லை. சீசாப் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுச் சுவரையும் அப்படித்தான் நினைத்திருந்தீர்கள் என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது.

மனுசியிடம் போனைக் காட்டினேன். அந்தக் கோடுகளை ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒருநாள் நேரத்தோடை வந்தனான். மச்சாள் கோட்டுப் போட்டுக்கொண்டு கதிரையிலை இருந்தவ. கேட்டதுக்கு, இப்பத்தான் கடைக்குப் போயிட்டு வந்தனான் எண்டவ." மூன்று மாடி இறங்கி ஏற ஏலாத நீங்கள் எந்தக் கடைக்குப் போனீர்கள் என்று அவளும் யோசிக்கவில்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போனது குளிரால் இல்லை, இருதயம் முன்பே களைத்துவிட்டது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் அழுவது அதற்கில்லை. ஊரார் வீடுகளில் விறைத்தது போதாதென்று, என் வீட்டிலும் ஒரு குளிர்காலம் முழுக்க விறைத்துக்கொண்டு இருந்தீர்களே, அதற்குத்தான்.

இன்று பகல் நேரத்தையும் இருபது பாகையாக்கிவிட்டேன். இனிப் பகலில் ஒருவரும் இல்லாத வீடு சூடாகிக்கொண்டிருக்கும். வீண் என்று எனக்கும் தெரியும்.

என்னால் இறக்கி வைக்க முடியாதது வேறொன்று. கடைசிக் கிழமை, ஆஸ்பத்திரியில், மெல்லிய நீலப் போர்வைக்குள் படுத்திருந்தீர்கள். கையைப் பிடித்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணைத் திறக்காமல், "இஞ்சை நல்ல சூடு, தம்பி" என்றீர்கள். நான் என் கெட்டித்தனத்தை நினைத்துக்கொண்டு, "எங்கடை வீடு மாதிரி, என்ன?" என்று கேட்டேன்.

நீங்கள் என் கையை ஒருமுறை அழுத்தி, "ஓம்" என்றீர்கள்.